புல்லுக்குப் போட்ட பசளை ஓடைக்குப் போகாமல் இருக்க: மலையகத்தில் புதிதாக மாடு வளர்ப்பவர்களுக்கு

லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குப் பின்னால் கிடைக்கிற துண்டு நிலத்தில் எல்லாம் இப்போது சீஓ-3 என்கிற தீவனப் புல் நிற்கிறது. ஒன்றிரண்டு பசு வாங்கி, காலையும் மாலையும் பால் ஊற்றினால் தோட்டச் சம்பளத்துக்கு மேலே கொஞ்சம் காசு கையில் நிற்கும். எந்த இனம் நல்லது, எவ்வளவு பால் தரும், எப்போது சினைக்கு விடுவது என்று சொல்லித்தர ஆட்கள் உண்டு. புல்லுக்குப் போட்ட யூரியாவும் மாட்டுப்பட்டியில் கழுவிவிட்ட சாணமும் மழையோடு எங்கே போகின்றன என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அதற்காக இந்தக் கட்டுரை. அரை ஏக்கருக்குக் குறைந்த புல்லும் நான்கு மாட்டுக்கு உட்பட்ட பட்டியும் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பெரிய பண்ணைகளின் கணக்கு வேறு.

ஏன் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்? மலையகத்து ஓடை எதுவும் மலையகத்தோடு நின்றுவிடுவதில்லை. தலவாக்கலைப் பக்கத்துத் தண்ணீர் கொத்மலை ஓயா வழியே மகாவலிக்குப் போகிறது. மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்துத் தண்ணீர் மவுசாக்கலை, காசல்ரீ நீர்த்தேக்கங்களைத் தாண்டிக் களனி கங்கையாகி, கடைசியில் கொழும்புக்காரர்களின் குழாயில் வருகிறது. கொழும்புவரை போவானேன், உங்கள் லயத்துக்குக் கீழே இருக்கிற லயத்தின் பீலியில் (ஊற்றுத் தண்ணீர் விழுகிற குழாயில்) வருவதும் அதே தண்ணீர்தான். 1990களின் தொடக்கத்திலேயே கொத்மலை நீர்த்தேக்கத்தில் நீலப்பச்சைப் பாசி பெருகியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பாசிக்குத் தீனி நைதரசனும் பொஸ்பரசும்.

இரண்டு சத்து, இரண்டு வழி

இதைப் புரிந்துகொண்டால் மற்ற வேலை எல்லாம் ஏன் என்று தானாகவே விளங்கும்.

யூரியாவிலும் மூத்திரத்திலும் உள்ள நைதரசன் சில நாட்களில் மண்ணுக்குள் அமோனியாவாகி, பிறகு நைத்திரேற்றாக மாறுகிறது. நைத்திரேற்றை மண் பிடித்து வைக்காது. உப்பைப் போலத் தண்ணீரில் கரைந்து, வேருக்குக் கீழே இறங்கி, ஊற்றாக எங்கேயோ வெளியே வரும். தெளிந்த தண்ணீரிலும் அது இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

பொஸ்பரஸ் அப்படியில்லை. நம்முடைய செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் நிறைய. அவை பொஸ்பரசை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே அது மண்ணோடு சேர்ந்துதான் பயணம் செய்யும். மழைக்கு ஓடை சிவப்பாக ஓடுகிறதென்றால் அதில் பொஸ்பரசும் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சாணம் நேரடியாக ஓடையில் விழுந்தால் அதற்கு மண்கூடத் தேவையில்லை.

பொஸ்பரசில் கவனிக்க வேண்டியது, மிகக் குறைந்த அளவே போதும் என்பது. தேங்கிய நீரில் ஒரு லீற்றருக்கு 0.03 மில்லிகிராம் அளவு சேர்ந்தாலே பாசி செழிக்கத் தொடங்கிவிடும். அந்தக் கணக்கில் ஒரு கிராம் பொஸ்பரஸ் முப்பதாயிரம் லீற்றருக்கு மேல் தண்ணீரைக் கெடுக்கப் போதும். பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள ஒட்சிசனைத் தின்றுவிடுகிறது, மீன் மூச்சுத் திணறுகிறது. நீலப்பச்சைப் பாசியில் சில வகை நஞ்சும் சுரக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்த மாடு நோயில் விழலாம், சாகவும் கூடும்.

முதல் வேலை: மழையில் ஒரு நடை

குடையை எடுத்துக்கொண்டு, நல்ல மழை அடிக்கும்போது உங்கள் புல் நிலத்தைச் சுற்றி வாருங்கள். வெயிலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலேயிருந்து வருகிற தண்ணீர் எங்கே உள்ளே நுழைகிறது, எந்த இடத்தில் ஒன்றுகூடிச் சாலாக ஓடுகிறது, எந்தக் கானில் (வடிகாலில்) விழுகிறது, அந்தக் கான் எங்கே போய் முடிகிறது என்று கடைசிவரை தொடர்ந்து போய்ப் பாருங்கள். மாட்டுப்பட்டிக்குப் பின்னால் பழுப்பாக ஒரு தண்ணீர் ஓடும். அதையும் விடாதீர்கள். ஒரு தாளில் கோடு போட்டு வைத்துக்கொண்டால் போதும். பின்னால் வருகிற வேலைகளை எங்கே செய்வது என்று அந்தத் தாள் சொல்லும்.

இரண்டாவது: உள்ளே வருவதைக் கணக்குப் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. பெரும்பாலான வழிகாட்டிகள் ஓடையோரத்தில் புல் நடுவதிலிருந்து தொடங்குகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தேவைக்கு மேலே சத்து நிலத்துக்குள் வந்துகொண்டே இருந்தால் எந்த வேலியும் அதைத் தடுக்காது, தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். 50 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் நைதரசன், அதாவது 23 கிலோ. இது எல்லாருக்கும் தெரிந்த பசளை. தெரியாத பசளை தீவன மூட்டையில் வருகிறது. 16 சதவீதப் புரதம் உள்ள மாட்டுத் தீவனம் 50 கிலோவில் ஏறக்குறைய 1.3 கிலோ நைதரசன் இருக்கிறது. தேயிலை மலையிலும் ரோட்டோரத்திலும் அறுத்துக் கட்டிச் சுமந்து வருகிற புல்லிலும் நைதரசன் உண்டு. இவை எல்லாம் மாட்டின் வயிறு வழியாக உங்கள் நிலத்துக்கு வந்து சேர்கின்றன.

ஒரு கலப்பினப் பசு நாளொன்றுக்குப் புல்லும் தீவனமுமாகப் பத்துக் கிலோ உலர் எடை தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 200 கிராம் நைதரசன் இருக்கும். பத்து லீற்றர் பால் தந்தால் பாலோடு வெளியே போவது 50 கிராம். மீதி 150 கிராம் சாணத்திலும் மூத்திரத்திலும். ஒரு வருடத்துக்குப் பார்த்தால் 55 கிலோ, இரண்டு மூட்டை யூரியாவுக்கும் மேல். ஒரே ஒரு மாட்டிலிருந்து.

இப்போது இருபது பேர்ச் புல் வைத்திருக்கிறீர்கள், இரண்டு மாடு என்று வையுங்கள். இருபது பேர்ச் என்பது சுமார் 500 சதுர மீற்றர். அங்கே செழிப்பாக வளர்கிற சீஓ-3 வருடத்துக்கு இருபது, இருபத்தைந்து கிலோ நைதரசனை எடுத்தால் பெரிய விஷயம். நுவரெலியாக் குளிரில் அதுவும் எடுக்காது. உங்கள் இரண்டு மாடும் தருவது 110 கிலோ. பாதி காற்றில் அமோனியாவாகப் போய்விட்டது என்றே வைத்தாலும் மிச்சம் 55. புல்லுக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்! இந்த நிலத்துக்குப் போய் யூரியா மூட்டையும் வாங்கிப் போடுகிறோம்.

ஆகவே உங்கள் நிலைக்குத் தகுந்தபடி முடிவெடுங்கள். மாடு கூட, நிலம் குறைவு என்றால் யூரியாவை அடியோடு நிறுத்தலாம். சாணமும் மூத்திரமும் போதும், அதிலும் மிஞ்சுவதை வெளியே அனுப்ப வேண்டும். மரக்கறித் தோட்டக்காரர்கள் வாங்குவார்கள். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்து, பிறகு விலை ஏறிய காலத்திலிருந்து சாணத்துக்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது. புல் நிறைய, மாடு ஒன்று என்றால் யூரியா கொஞ்சம் தேவைப்படலாம். அப்போதும் ஒரு வெட்டுக்கு ஒரு பேர்ச்சுக்கு 250 கிராமைத் தாண்ட வேண்டாம். இருபது பேர்ச்சுக்கு அது 5 கிலோ. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் குறைவாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

கோழி எரு பற்றி ஒரு வார்த்தை. மலிவாகக் கிடைக்கிறது என்று லொறிக் கணக்கில் இறக்குகிறார்கள். அதில் பொஸ்பரஸ் மிக அதிகம். மாட்டுச் சாணம் விழுகிற நிலத்துக்கு அது தேவையே இல்லை. முன்பு கிழங்கு, லீக்ஸ் போட்டிருந்த நிலத்தில் புல் நட்டிருக்கிறீர்கள் என்றால் பொஸ்பரஸ் ஏற்கெனவே தேங்கியிருக்க வாய்ப்பு அதிகம். டீஎஸ்பி என்கிற பொஸ்பரஸ் பசளையைப் போடுமுன் மண் பரிசோதனை செய்துவிடுங்கள். மண்ணின் புளிப்பையும் அதிலேயே பார்த்துவிடலாம். புளிப்புக் கூடிய மண்ணில் எவ்வளவு பசளை போட்டாலும் புல் சரியாக எடுக்காது, டொலமைட் என்கிற சுண்ணாம்புத் தூள் போட்டுச் சரிசெய்தால் குறைந்த பசளையிலேயே வளரும்.

மூன்றாவது: எப்போது, எப்படிப் போடுவது

வெட்டிய அன்றே போடாதீர்கள். வேர் அப்போது எடுக்காது. சில நாள் கழித்துப் புதுத் துளிர் கிளம்பும்போது, மண் ஈரமாக இருக்கும்போது, தூருக்குப் பக்கத்தில் லேசாகக் கிளறிப் போட்டு மண்ணால் மூடிவிடுங்கள். மேலே தூவிவிட்டுப் போனால் வெயிலில் அமோனியாவாகப் பறக்கும், மழையில் கானுக்குப் போகும். இரண்டிலும் நட்டம் உங்களுக்கு.

காலம் இடத்துக்கு இடம் மாறும். ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனை, மஸ்கெலியா என்று மேற்குச் சரிவில் இருப்பவர்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. வட்டவளையில் அடிக்கிற மழை தெரியுமே. அந்த மாதங்களில் பெருமழை நாட்களில் பசளை மூட்டையைத் தொடவே வேண்டாம். விட்டு விட்டுத் தூறுகிற இடைவெளி கிடைத்தால், குறைந்த அளவில், பிரித்துப் போடலாம். பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கம் தலைகீழ். அங்கே மழை ஒக்டோபரிலிருந்து தொடங்கி டிசம்பர், ஜனவரியில் கனக்கும், ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வறண்ட காற்று. காய்ந்த மண்ணில் யூரியா போடுவதும் வீண்தான். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் எல்லா இடத்திலும் பின்னேரத்தில் இடியோடு மழை கொட்டும். காலையில் வெயில் அடிக்கிறதே என்று நம்பிப் போட்டால் நான்கு மணிக்கு எல்லாம் ஓடையில். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைக் கைபேசியில் பார்த்துவிட்டு, கனமழை சொல்லப்பட்டிருந்தால் இரண்டு மூன்று நாள் தள்ளிப் போடுங்கள்.

நுவரெலியா, அம்பேவளை, கந்தப்பளைப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் பனி விழுந்து புல் கருகும். கருகின புல்லுக்குப் பசளை போட்டுத் தேற்றலாம் என்று நினைப்பார்கள். புல் உறங்குகிற நேரம் அது, ஒன்றும் எடுக்காது.

நான்காவது: சரிவும் கானும்

புல்லைச் சரிவுக்குக் குறுக்கே, மட்டக் கோட்டில் வரிசையாக நடுங்கள். மேலிருந்து கீழாக நட்டால் ஒவ்வொரு வரிசை இடைவெளியும் ஒரு வாய்க்காலாகிவிடும். மட்டக் கோடு எடுக்க மூன்று தடியை 'ஏ' எழுத்து வடிவத்தில் கட்டி, நடுவில் கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டால் போதும். தோட்டத்தில் கான் வெட்டிய பெரியவர்கள் யாராவது இருந்தால் ஐந்து நிமிடத்தில் காட்டித் தருவார்கள்.

முழு நிலத்தையும் ஒரே நாளில் அறுக்க வேண்டாம். ஒரு பட்டை அறுத்தால் அதற்குக் கீழே ஒரு பட்டை நிற்கட்டும். அறுத்த இடத்திலிருந்து அரித்து வருகிற மண்ணை நிற்கிற புல் பிடிக்கும். இரண்டு மாட்டுக்குத் தினம் அறுப்பவர்களுக்கு இதில் கூடுதல் வேலை ஒன்றும் இல்லை, அறுக்கிற ஒழுங்கை மாற்றுவது மட்டும்தான்.

ஓடைக்குப் பக்கத்தில் குறைந்தது ஐந்து மீற்றர், செங்குத்தான சரிவென்றால் பத்து மீற்றர், பசளையே போடாத ஓரமாக விடுங்கள். அங்கே குவாத்தமாலாப் புல், வெட்டிவேர் அல்லது இருக்கிற காட்டுச் செடிகள் அடர்த்தியாக நிற்கட்டும். அந்த ஓரத்துப் புல்லையும் அவ்வப்போது அறுத்து மாட்டுக்குப் போடுங்கள். அறுக்காமல் விட்டால் பிடித்து வைத்த சத்து அங்கேயே மக்கி, மறுபடி தண்ணீருக்குத்தான் போகும்.

ஆனால் மலையகத்தில் பெரிய ஓட்டை இந்த ஓரம் இல்லை, கான்தான். தேயிலை மலையாக இருந்த நிலத்தில் பழைய கான்கள் நேராக ஓடைக்கு இறங்கும். மழைத் தண்ணீர் கானில் விழுந்துவிட்டால் ஓரத்துப் புல்லை எட்டிக்கூடப் பார்க்காமல் ஓடையில் சேர்ந்துவிடும். நீங்கள் எவ்வளவு அழகாக ஓரம் விட்டிருந்தாலும் பயனில்லை. மழையில் நடந்து கோடு போட்ட தாளை இப்போது எடுங்கள். உங்கள் புல் நிலத்துத் தண்ணீர் விழுகிற கான்களில் சில மீற்றருக்கு ஒரு மண் குழி வெட்டுங்கள், இரண்டு அடி ஆழம் போதும். தண்ணீர் அதில் நின்று, மண் படிந்து, பிறகு வழிந்து போகும். படிந்த மண்ணை மழைக்காலம் முடிந்ததும் அள்ளிப் புல் நிலத்தின் மேல் பகுதிக்கே கொண்டுபோய்ப் போடுங்கள். அது உங்கள் மண், உங்கள் பசளை. குழி நிரம்பி அப்படியே கிடந்தால் அடுத்த பெருமழை எல்லாவற்றையும் ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு போகும்.

கான் ஓடையில் சேருமுன் கடைசி இடத்தை வளைத்து, தண்ணீரை ஓரத்துப் புல்லுக்குள் பரவலாக வழியவிட முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் மண் சரிகிற ஆபத்துள்ள சரிவில் இதைச் செய்யக் கூடாது. அங்கே தண்ணீரைத் தேக்குவதே ஆபத்து, குழியும் வேண்டாம். கீழே லயம் இருந்தால் சந்தேகமே வேண்டாம், கானை அப்படியே விட்டுவிட்டு பசளையைக் குறைப்பதோடு நின்றுகொள்ளுங்கள். கான் தோட்டத்துக்குச் சொந்தமாக இருந்தால் வெட்டுமுன் கணக்கப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு வீண் தகராறு.

ஐந்தாவது: மாட்டுப்பட்டி

கழுவுமுன் வழியுங்கள். சாணத்தை வழித்துக் கூடையில் எடுத்துவிட்டு, பிறகு குறைந்த தண்ணீரில் கழுவினால் ஓடுகிற அழுக்குத் தண்ணீர் மிகவும் குறையும். குழாயைத் திறந்துவிட்டுச் சாணத்தோடு சேர்த்து அடித்துத் தள்ளுவது சுலபம்தான், ஆனால் அப்படித்தான் ஓடை கெடுகிறது. தரையைச் சற்றுச் சரிவாகப் போட்டு மூத்திரம் ஒரு பீப்பாயிலோ சீமெந்துக் குழியிலோ சேரும்படி செய்யுங்கள். மாடு கழிக்கும் நைதரசனில் பாதியளவு மூத்திரத்தில்தான் இருக்கிறது, நாம் அதைத்தான் முதலில் தொலைக்கிறோம். தண்ணீர் கலந்து புல்லுக்கு ஊற்றலாம்.

சாணக் குவியலுக்கு மேலே கூரை வேண்டும். பழைய தகரமோ கறுப்புப் பொலித்தீனோ எதுவானாலும் சரி. குவியலுக்கு மேட்டுப் பக்கத்தில் ஒரு சின்னக் கான் வெட்டி, மேலிருந்து வருகிற சுத்தமான மழைத் தண்ணீரை ஒதுக்கிவிடுங்கள். ஊற்றுக்கும் பீலிக்கும் மேலே குவியல் இருக்கவே கூடாது.

உயிர்வாயுக் கலன் வைத்தவர்கள் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பதுண்டு. அடுப்புக்கு வாயு வருகிறது, நாற்றம் குறைகிறது, உண்மைதான். ஆனால் நைதரசனும் பொஸ்பரசும் வெளியே வருகிற கூழில் அப்படியே இருக்கின்றன. கூழைக் கானில் விட்டால் சாணத்தைக் கானில் விட்டதற்குச் சமம்.

மாட்டை ஓடையில் இறக்கித் தண்ணீர் காட்டாதீர்கள். தொட்டியில் வையுங்கள்.

ஆறாவது: ஓடையைப் பார்ப்பதும் தண்ணீரைச் சோதிப்பதும்

மழையில்லாத ஒரு நாளில், உங்கள் நிலத்துக்கு மேலே ஓர் இடத்திலும் கீழே ஓர் இடத்திலும் ஓடையில் இறங்கிக் கற்களைப் புரட்டிப் பாருங்கள். மேலே கல்லுக்கடியில் வாலில் மூன்று நூல் நீட்டிக்கொண்டிருக்கிற சின்னப் பூச்சிகள் ஓடி, கீழே அவை காணாமல் போய்ச் சேற்றில் சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தால், இடையில் உங்கள் நிலம் ஏதோ செய்கிறது. கல்லில் பச்சை நூல் போல வழுவழுப்புப் பாசி படர்வதும் அதே அறிகுறி. மேலேயே கெட்டிருந்தால் மேல் நிலத்துக்காரரோடு பேச வேண்டியிருக்கும். உங்கள் கணக்கைக் காட்டிப் பேசினால் சண்டை வராது, பசளைக் காசு மிச்சம் என்ற பேச்சு எல்லாருக்கும் புரியும்.

குடிக்கிற தண்ணீருக்குக் கண்ணால் பார்ப்பது போதாது. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு வைத்திருக்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேலே போனால் புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைகளுக்கு, குறிப்பாக ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கு, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கிற திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கிற ஆபத்து உண்டு. இங்கே நாம் செய்கிற வழக்கமான வேலை தண்ணீரைக் கொதிக்க வைப்பது. கிருமிக்கு அது சரி. நைத்திரேற்று கொதித்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும்.

ஊற்றோ பீலியோ மாட்டுப்பட்டிக்கும் புல் நிலத்துக்கும் கீழே இருந்து, வீட்டில் கைக்குழந்தையும் இருந்தால் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். எங்கே, எப்படி என்று தெரியாவிட்டால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். போத்தலை எப்படிக் கழுவுவது, எவ்வளவு நேரத்துக்குள் கொடுப்பது என்பதை முதலே கேட்டுக்கொண்டு மாதிரி எடுங்கள். வழக்கமாகக் கிருமிச் சோதனைதான் செய்வார்கள், ஆகவே நைத்திரேற்றும் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மழைக்காலம் தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு தடவையும் வறண்ட காலத்தில் ஒரு தடவையும் எடுத்தால் நல்லது. முடிவு வரும்வரை குழந்தையின் பாலுக்கு மேட்டுப் பக்கத்து ஊற்றிலிருந்தோ குழாயிலிருந்தோ தண்ணீர் கொண்டுவாருங்கள்.